ஏழாம் அத்தியாயத்தில் என் கணவர்

எங்கள் மைசூர் தமிழ்ச் சபையில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, அறிவிப்புகள் முடிந்து காணிக்கை எடுப்பதற்கு முன், நான் எழுந்து ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவேன். கதைப் புத்தகம் கூடாது. நடந்ததாக இருக்க வேண்டும். தொழுநோயாளிகளோடு வாழ்ந்த நர்ஸ், சிறைக்குள் மனம் திரும்பினவர், மலைக்கிராமத்தில் பள்ளிக்கூடம் கட்டின தம்பதி, இப்படி. ஆராதனை முடிந்ததும் வாசலில் மேசை போட்டு அதையே விற்பேன். டோரதி என்ற என் பெயர் பலருக்கு மறந்தே போய்விட்டது. புத்தக அக்கா என்றால்தான் தெரியும்.

மகளுக்கு வரன் தள்ளிப்போகிறதா, அதற்கு ஒரு புத்தகம். மகன் பி.யூ.சி.யில் பெயிலானானா, அதற்கு ஒன்று. முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பேன், மருந்துக்கடைக்காரர் தலைவலிக்கு மாத்திரை கிழித்துக் கொடுப்பது போல. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தொண்ணூற்றாறு மார்ச்சில் விற்பனைக்கு வந்த புத்தகத்தில், ஏழாம் அத்தியாயம் என் கணவர்.

கார்ல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். முந்தைய வருஷம் வயிற்றில் கட்டி. டாக்டர் கையை விரித்துவிட்டார். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. செப்டம்பரில் எடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. டாக்டரே படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார்ல் எழுந்து நடந்தார். அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து நற்செய்தி ஊழியர் ஒருவர் வந்தார். ஜெபத்தால் நன்மை பெற்றவர்களின் சாட்சிகளைத் தொகுத்துப் புத்தகம் போடப் போவதாகச் சொல்லி, எங்கள் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். கிறிஸ்துமஸுக்கு கார்ல் பாடகர் குழுவில் நின்று பாடினார். ஜனவரியில் கட்டி மறுபடி வளர்ந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அவரை அடக்கம் செய்துவிட்டோம். புத்தகம் அச்சாகி வந்தது ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில். அச்சகத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுகை இல்லை, கோபம் இல்லை. உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. சகோதரர் கார்ல் இன்று பூரண சுகத்தோடு கர்த்தரைத் துதிக்கிறார் என்று கடைசி வரி. சரி என்று மூடி வைத்தேன்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் ஸ்வீட்டிக்குத்தான் கோபம் வந்தது. "அப்பா செத்துப்போனாருன்னு இதுல ஒரு லைன் கூட இல்லம்மா. சுள்ளு. பரீ சுள்ளு. இத நீ நல்ல புக்குன்னு எந்திரிச்சு சொன்னேன்னா, நான் இனி சர்ச்சுக்கே வரமாட்டேன்." பொய் என்று தமிழில் சொன்னால் அவளுக்குக் காரம் போதாது. கோபம் வந்தால் கன்னடம்தான்.

சனிக்கிழமை போதகர் வந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை.

"சிஸ்டர், அவர் எழுந்து நடந்தது உண்மைதானே?"

"உண்மைதான் ஐயா."

"அப்ப புத்தகத்துல பொய் இல்லையே."

"இல்ல."

"உங்களுக்கு முடியலைன்னா இந்த மாசம் நானே பேசிடறேன்."

நல்ல மனிதர். கல்லறை வரை பெட்டியின் கைப்பிடியை விடாமல் வந்தவர். ஆனால் அவர் பேசினால் குரல் தழுதழுக்கும், சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும். அதற்கு நானே தேவலை. "நானே சொல்றேன் ஐயா" என்றேன். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. நல்ல புத்தகம் என்றால் மகள் என்னை விட்டு விலகிவிடுவாள். பொய் என்றால், கார்ல் எழுந்து நடந்ததும் பொய்யாகிவிடும்.

ஞாயிறு ஸ்வீட்டி மொபெட்டில் கொண்டுவந்து விட்டாள். சொன்னபடி உள்ளே வரவில்லை; கேட் அருகே வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டாள். என் முறை வந்ததும் எழுந்தேன்.

"இந்த மாசப் புத்தகம் இது. ஏழாவது அத்தியாயம் என் வீட்டுக்காரரப் பத்தினது. அதுல எழுதினது எல்லாம் நடந்தது. எழுதாததும் நடந்தது, உங்களுக்கே தெரியும். வேற சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல."

உட்கார்ந்துவிட்டேன். ஆர்கன் வாசிப்பவர் அவசர அவசரமாகக் காணிக்கைப் பாட்டைத் தொடங்கினார்.

மேசைக்கு வந்தவர்கள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளையும் பைபிள் உறைகளையும் புரட்டினார்கள். அந்தப் புத்தக அடுக்கை மட்டும் ஒருவரும் தொடவில்லை. கூட்டம் கலைந்த பிறகு லீலா வந்தாள். ஊதுபத்தி கம்பெனியில் வேலை; ஞாயிற்றுக்கிழமையும் அவள் மேல் அந்த வாசனை வரும். ஊரில் எல்லோரும் தொட்டாஸ்பத்ரி என்று சொல்லும் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் புருஷன் ஒரு மாதமாகக் கிடந்தான். அவனுக்கும் டாக்டர் கையை விரித்துவிட்டார். பழக்கதோஷத்தில் என் கை நர்ஸ் புத்தகத்தை எடுத்து நீட்டியது.

"அது வேண்டாம்க்கா. இது."

"லீலா, அவர் போயிட்டார்மா. நீ அடக்கத்துக்கு வந்தியே."

"வந்தேன்க்கா. மண்ணும் போட்டேன். ஆனா நடுவுல நாலு மாசம் எந்திரிச்சு நடந்தாருல்ல?"

"நடந்தார்."

"எனக்கு அந்த நாலு மாசம் கெடச்சா போதும். கெடச்சா என்ன பண்றதுன்னுதான் தெரியல. நீங்க என்னக்கா பண்ணீங்க?"

எப்படிக் குணமானார் என்று கேட்டிருக்கிறார்கள். எப்படிச் செத்தார் என்றும் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

"பூரி போட்டேன்" என்றேன். "எண்ணெய் ஆகாதுன்னார் டாக்டர். இவர் பூரிதான் வேணும்னார். போட்டேன். அப்புறம் ஒருநாள் நஞ்சன்கூடு பாசஞ்சர்ல போயிட்டு, இறங்காம அதே வண்டியில திரும்பி வந்தோம். யார் வீட்டுக்குப் போறீங்கன்னு பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். யார் வீட்டுக்கும் இல்லைன்னார் இவர். சமையல்கட்டுக் குழாய் சொட்டுதுன்னு நாள்கணக்கா கழட்டி மாட்டினார். இப்பவும் சொட்டுது. கேரம் ஆடினோம். ஏமாத்துவார்."

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஸ்வீட்டி எப்போது உள்ளே வந்தாளோ, மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நஞ்சன்கூட்டுல எறங்கவே இல்லையா? எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா."

"நீ காலேஜுக்குப் போயிருந்தே."

லீலா ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. "இதெல்லாம் இதுல எழுதிக் குடுங்கக்கா."

ஸ்வீட்டி தன் பையிலிருந்து பேனா எடுத்துக் கொடுத்தாள். பூரி, ரயில், குழாய், கேரம் என்று எழுதினேன். அதற்குக் கீழே அவர் போன தேதியையும் எழுதினேன். லீலா மை காயும்வரை ஊதிவிட்டு, புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஸ்வீட்டி அடுக்கிலிருந்து அடுத்த பிரதியை எடுத்து அதே பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தாள். "இதுலயும்" என்றாள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பசித்தது. ஆராதனை நீண்டால் எல்லோருக்கும் எடுக்கிற சாதாரணப் பசிதான். அவர் போன பிறகு எனக்கு அதுதான் முதல் தடவை.

"வீட்ல கோதுமை மாவு இருக்கா?" என்று கேட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது.