நாலாவது குழி

அண்ணன் லாரியில், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டர்களையும் நான் கழற்றிக்கொண்டிருந்தபோது, காந்தம் எதிரே சக்கரத்தின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழைய இரும்பு வாங்குகிறவர். இரும்பு எங்கே கிடந்தாலும் போய் ஒட்டிக்கொள்வதால் அந்தப் பெயர். கட்டி இழுக்கும் வண்டியையும் கையோடு கொண்டுவந்து ஷெட் வாசலை அடைத்து நிறுத்தியிருந்தார்.

மதியத்துக்குள் லாரி கிளம்பினால் அண்ணி ஓட்டிக்கொண்டு குடோனுக்குப் போவார். அண்ணன் அடித்த லோடு இனி அவருக்கு. கிளம்பாவிட்டால் குடோன்காரர் வேறு லாரியைக் கூப்பிட்டுக்கொள்வார், இந்த லாரி பழைய இரும்பாகக் காந்தத்துக்கு. அண்ணியே முடிவுசெய்து இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டார்.

அண்ணன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பார்க்கிறவர்கள் என் தோளைத் தட்டுகிறார்கள். நான் தலையாட்டுகிறேன். பல் பிடுங்கிய பிறகு மரத்த ஈறை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கிறது. இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

"இதப் புடுங்குறதுக்குள்ள எனக்கு வேர் விட்டுடும் போல" என்றார் காந்தம்.

"அவசரம்னா கெளம்புங்கண்ணே. யாரு கையப் புடிச்சா?"

"வெறுங்கையோட போனா வீட்டுல சோறு கெடைக்காதுப்பா."

கேபினுக்குள் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த அண்ணி சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும்.

இன்ஜெக்டர்கள் கரி பிடித்து இறுகியிருந்தன. இப்படியும் அப்படியும் திருகித் திருகித்தான் ஒவ்வொன்றும் வந்தது. அடியில் செம்பு வாஷர் ஒன்று இருக்கும். அதைத் தோண்டி எடுத்து, இன்ஜெக்டர் உட்காரும் குழியைத் துடைத்து, புது வாஷர் போட்டுப் புது இன்ஜெக்டரை இறக்க வேண்டும். நாலாவது குழியில் மட்டும் இரண்டு வாஷர் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லா ஷெட்டிலும் பார்க்கிற கோளாறுதான். பழசைத் தோண்டச் சோம்பல்பட்டு அதன்மேலேயே புதுசைப் போட்டுவிடுவார்கள். அண்ணன் தன் லாரி வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவன். நீயுமா என்று நினைத்துக்கொண்டேன். இரண்டையும் எடுத்துவிட்டு, மற்றவற்றைப்போல ஒன்றே ஒன்று போட்டேன்.

பைப் நட்டுகளைத் தளர்வாக விட்டு, "சாவியத் திருப்புங்க அண்ணி" என்றேன். டீசல் துப்பியது. பைப்பில் இருந்த காற்று போனதும் இறுக்கினேன். மறுபடி திருப்பச் சொன்னேன். இன்ஜின் எடுத்தது. ஆனால் சுத்தியலால் அடிப்பதுபோல உள்ளே தட்டியது, வெள்ளைப் புகை ஷெட்டை நிறைத்தது. ஒவ்வொரு நட்டாகத் தளர்த்திப் பார்த்தேன். தளர்த்தினால் அந்த இன்ஜெக்டர் நின்று இன்ஜின் சத்தம் மாற வேண்டும். நாலாவதில் மாறவில்லை.

"நிறுத்திடுங்க அண்ணி. நாலாவது வேலை செய்யல. புது இன்ஜெக்டரே கோளாறு போல. மாத்துறதுக்கு வேற இல்ல."

சொல்லும்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காந்தம் எழுந்து சங்கிலியை எடுக்கப் போனார்.

அண்ணி இறங்கி வந்தார். "நாலுல எத்தன வாஷர் போட்டீங்க தம்பி?"

"ஒண்ணு."

"அவரு ரெண்டு போடுவாரே."

"அது சோம்பேறி வேல அண்ணி. பழசத் தோண்டாம விட்டிருக்கான்."

"சோம்பேறியா? முன்னாடி ஒருவாட்டி அந்தக் குழியக் கடஞ்சு சரிபண்ணினதுல ஆழமாயிடுச்சு. ஒண்ணு போட்டா ரொம்ப உள்ள எறங்கிடுதுன்னுதான் ரெண்டு போட்டாரு. டார்ச் புடிச்சதே நான்தான். கை வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னதுக்கு என்ன ஏச்சு ஏசினாரு தெரியுமா?"

இன்ஜெக்டரை மறுபடி கழற்றிக் கம்பியை விட்டுப் பார்த்தேன். மூன்றாவது குழியைவிட வாஷர் கனத்துக்கு ஆழம் கூடுதலாக இருந்தது.

மிச்சப் புது வாஷர் கிடையாது. கழற்றிப் போட்டதில் நசுங்காத ஒன்றைத் தேடியெடுத்து, கேஸ் தீயில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். அப்படிச் செய்தால் செம்பு இளகிக்கொடுக்கும். அதையும் சேர்த்து வைத்து இறக்கினேன்.

"சங்கிலிய மாட்டவா, வேணாமா? தோள் கழண்டுரும் போலருக்கு" என்றார் காந்தம்.

"வாயில மாட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி மேலே ஏறினார்.

முதலில் திக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. தட்டல் இல்லை. புகை மெலிந்து மெலிந்து நின்றேவிட்டது. நாலாவது நட்டைத் தளர்த்தினேன். சத்தம் இறங்கியது. இறுக்கினேன், ஏறியது. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணி ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

"பொறும்மா, பொறு! காது கிழியுது" என்று சங்கிலியைப் போட்டுவிட்டுக் காந்தம் வாசலுக்கு ஓடித் தன் வண்டியை நகர்த்தினார்.

"ஏறுறீங்களா தம்பி?"

"நீங்க போய்ட்டு வாங்க அண்ணி. இங்க எல்லாம் எறஞ்சு கெடக்கு."

தெருமுனையில் அண்ணன் நிற்கவே மாட்டான், அப்படியே ஒடிப்பான். அண்ணி நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, மெதுவாகத் திருப்பினார். கண்ணுக்கு மறைந்த பிறகும் சத்தம் கேட்டது. கேட்கிறவரைக்கும் நின்றேன். ஆறும் வேலை செய்தன.