பன்னிரண்டாவது நாற்காலி

...இல்லை, எனக்கு அந்தத் தகுதி இல்லைங்க என்றுதான் சொன்னேன், குரலைக்கூடத் தாழ்த்தித்தான் சொன்னேன், குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து, பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குக் கழுவியதுபோல, ஃபாதர் பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்த கோயில் உபதேசியார் நீயும் உக்காரும்மா என்றபோது. இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தேன். கல்யாண வீட்டில் சோறு போதும் என்றால்கூட மறுபடி கேட்கிறார்களே... அவர் சரிம்மா என்று திரும்பி, வேப்பமரத்தடியில் நின்ற ஜான்சி அக்காவைக் கூப்பிட்டார். "நானா? என் காலப் பாத்தா ஃபாதரு மயக்கம் போட்டுடுவாரு" என்று அக்கா சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

இப்போது பீடத்தின் முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள், கடைசியில் அக்கா, பெண்கள் பக்கம் பாயில் நான். வரிசையாக யோசித்துப் பார்க்கலாம், மாலை வகுப்பில் மிஸ் சொல்வதுபோல, முதலில் நடந்தது, பிறகு காரணம். நடந்தது, வேண்டாம் என்றேன். காரணம், தாழ்மை. இன்றைக்கு டைரியில் அப்படித்தான் எழுதுவேனா? அப்படியானால் திங்கட்கிழமையிலிருந்து குதிகாலைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தது எதற்கு? கழுவப்போகும் காலைக் கழுவிக்கொண்டு போவதுதான் எங்கள் ஊர் வழக்கம், அழுக்குக் காலை ஃபாதர் கையில் யார் கொடுப்பார்கள், ஆனால் வேண்டாம் என்றவள் எதற்காகத் தேய்க்க வேண்டும்... நேற்று உபதேசியார் சைக்கிள் எங்கள் தெருவில் திரும்பியதும் வாசலுக்கு ஓடிவந்து நின்றேன், அவர் மணியடித்துவிட்டுப் போய்விட்டார். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "நீதான வேணாம்ன, அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்க?" அம்மாவும் ஜான்சி அக்காவும் ஒரே உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள், அம்மாவிடம் அக்கா சந்தோஷமாகச் சொல்லியிருப்பாள், அம்மாவும் சந்தோஷப்பட்டிருப்பாள், எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

என் மடியில் அக்காவின் செருப்பு, துணிப்பையில். பூசைக்கு முன்னால் வந்து போட்டுவிட்டுப் போனாள். "செல்வி, இத வச்சிக்கினு இரு. புதுசு. வெளிய வுட்டா எவளாவது மாட்டிக்கினு போயிடுவா." பக்கத்திலிருந்த அமுதவல்லி அத்தை, "கால் கழுவறதுக்குச் செருப்பு வாங்கினவ நீ ஒருத்திதான்டி" என்றாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக மண்டியிட்டு வருகிறார். அக்காவின் பாதத்தில் உப்புத் தண்ணீர் வெடிக்க வைத்த வெள்ளைக் கோடுகள் இங்கிருந்தே தெரிகின்றன, எவ்வளவு தேய்த்தாலும் போகாதவை. சொம்புத் தண்ணீர் விழுந்தது, துண்டு உள்ளங்காலில் பட்டது, அக்கா சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். கூச்சம். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், கோயில் முழுக்கச் சிரித்தது, ஃபாதரும் சிரித்தார், பிறகு அந்தக் காலை மெல்லப் பிடித்து, குனிந்து முத்தமிட்டார்.

நானாக இருந்தால் சிரித்திருக்க மாட்டேன். தலைகுனிந்து, கண்ணை மூடி, உதடு அசைய... அந்த முகம் எப்படி இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கண்ணாடியில் பார்த்து வைத்திருக்கிறேன். ஆண்டவரே, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த அதே சாயங்காலம். காது சுடுகிறது. பாவாடைக்குள் குதிகாலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டேன், யாரும் பார்க்காதபடி, அத்தனை சுத்தமான குதிகாலை. பூசை முடிந்ததும் எழுந்து போய், இந்தச் செருப்பை அக்காவின் காலடியில் நானே குனிந்து வைக்கலாம், ஒன்றும் சொல்லாமல் வைக்கலாம், அதுதான் சரி... அப்படி நினைத்ததும் நெஞ்சு லேசானது. நிஜமாகவே லேசானது. ஆனால் அதற்குள் என் கண் தூணுக்குத் தூண் தேடிக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் உபதேசியார் எந்தப் பக்கம் நிற்பார் என்று.