தென்னைமரம் போட்ட கடிதம்

1

இந்தக் கதை ஒரு பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருத்தி இதை வாசித்துவிடுவாளோ என்ற பயம். வாசிக்காமலே போய்விடுவாளோ என்று சில நாட்களில் அதைவிடக் கூடுதலாகப் பயம் வருகிறது.

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன். முதல் தடவை: "திம்புள்ளைப் பக்கத்து மலைகளில் பனி இறங்கியிருந்த ஒரு" என்று எழுதி அதோடு விட்டுவிட்டேன். பனி இங்கே தினமும்தான் இறங்குகிறது. அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாம் தடவை: "அழகையா நல்ல மனுசன்." அடித்துவிட்டேன். அது தெரியாமல்தானே எழுதவே உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாவது இது: "நோர்வூட்டிலிருந்து நாலு மைல் தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்தில் தபால் பை சுமந்தவர் அழகையா." இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

2

அழகையாவுக்கு எழுத்து வந்தது நாற்பத்தெட்டாம் வயதில். எனக்கும் ஏறக்குறைய அப்போதுதான் வந்தது. இந்த ஒற்றுமையை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்தில் அப்படி நாலைந்து பேர் இருக்கிறோம்.

இருபது வருஷம் கவ்வாத்து வெட்டினவர். மழை நாளில் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக்கொண்டே மலையேறி, கையில் நடுக்கம் வந்த பிறகு தபால் வேலைக்கு மாற்றினார்கள். தினம் நோர்வூட் தபால் கந்தோருக்கு நடக்க வேண்டும், பையை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும், தோட்டத்து ஆபீஸ் மேசையில் இறக்கிவைக்க வேண்டும். பைக்குப் பித்தளைப் பூட்டு உண்டு. ஒரு சாவி தபால் கந்தோரில், மற்றது பெரிய கிளாக்கர் குணரத்தினத்திடம். பூட்டின பையைச் சுமக்க எழுத்து எதற்கு?

(அந்தப் பை இப்போதும் இருக்கிறது. காக்கித் துணி, அடியில் இரண்டு ஒட்டு. வார் மட்டும் புதுசு, போட்டு ஒரு வருஷம் ஆகவில்லை. கதைக்கு இது தேவையில்லைதான். எழுதிவிட்டேன், கிடக்கட்டும்.)

லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டின அறைகளில், இருக்கிற ஆட்களுக்கென்று தனி விலாசம் கிடையாது. யாருக்கு எழுதினாலும் தோட்டத்துப் பேரைப் போட்டு எழுத வேண்டும், கடிதம் ஆபீசுக்குத்தான் வரும். குணரத்தினம் பையைத் திறந்து, தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் வந்ததை அன்றைக்கே கொடுத்துவிடுவார். லயத்துக் கடிதங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் போகும். சனிக்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆட்களைப் பிரிக்கிற அந்த நேரத்தில், பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வது என்று சொல்ல முடியாது. அதுதான் இதில் கஷ்டம்.

அழகையாவுக்கு முன்னால் பை சுமந்தவர் பொன்னையா. ஆபீசில் கண்ட ஒரு கடிதத்தைப் பற்றி லயத்தில் வாய்விட்டார் என்று அவரைத் திரும்பவும் கவ்வாத்துக்கு அனுப்பினார்கள். ஒரு மழைக்காலம்தான் தாங்கினார்.

3

ஊர்மிளாவைப் பற்றி எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

அன்னம்மாவின் மகள். அன்னம்மா கொழுந்து எடுக்கிற ஆள், புருஷன் இல்லை. ஊர்மிளா உயர்தரம் பாஸ் பண்ணித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தாள். தொண்டர் என்றால், வேலை உண்டு, வேலைக்குரிய மற்றது எதுவும் இல்லை. அழகையாவுக்கு எழுத்தறிவித்ததும் அவள்தான், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவின் சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் காட்டி.

2002இல் அரசாங்க ஆசிரியர் வேலைக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லி அவளுக்குக் கடிதம் வந்தது. சனிக்கிழமை பெரட்டில் கொடுத்தார்கள். நேர்முகம் அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை.

அவள் அழவில்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத யாரு மாமா தூக்கிட்டு வந்தா?" என்று கேட்டாளாம்.

"நாந்தாம்மா."

"கனமா இருந்துச்சா?" என்றாளாம். கேலியா கோபமா என்று அழகையாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த வருஷம் மாலைதீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்க ஆள் வேண்டும் என்று பேப்பரில் வந்தது. கொழும்பில் ஒரு ஏஜன்சி நேர்முகம் வைக்கிறது. கடிதம் வருவது தன் கையில் இல்லை, நேர்முகத்துக்காவது தயாராக இருப்போம் என்று ஊர்மிளா துணிந்தாள். அவளுடைய விண்ணப்பத்தைத் தபாலில் போட்டவர் அழகையா. ஏஜன்சியே அச்சடித்துக் கொடுத்த நீள உறை அது. மூலையில் பச்சை மையில் ஒரு தென்னைமரம், அதன் கீழே மூன்று அலை. ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. தென்னைமரம் தெரியும்.

4

நேர்முகத்துக்குப் பழகுவதை நான் சந்தோஷமாக எழுதலாம். நடந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயந்தரம் பிள்ளைகளைத் தாய்மார் தூக்கிக்கொண்டு போன பிறகு பிள்ளைக் காம்பரா காலியாக இருக்கும். அங்கே கை வைத்த நாற்காலி ஒன்று உண்டு. அழகையா அதில் உட்கார வேண்டும், அவர்தான் கேள்வி கேட்கிற துரை. எதிரே சின்ன முக்காலியில் ஊர்மிளா. எட்டு ஆங்கிலக் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். அவர் எழுத்துக் கூட்டி வாசிப்பார். முதல் கேள்வி: "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்." உன்னைப் பற்றிச் சொல் என்று அர்த்தமாம்.

முதல் நாள் நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்துப் பிள்ளைகளைப் பார்க்கிற ராக்காயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணே, தொர மாதிரி சாஞ்சு உக்காருங்க. பல்லு புடுங்க வந்த ஆளு மாதிரி இருக்கீங்க."

"சாஞ்சா கேள்வி மறந்து போகுது ராக்காயி."

"தொரமாருக்கு மட்டும் ஞாபகமா இருக்கு? அதனாலதானே சத்தம் போடுறாங்க."

ஊர்மிளாவின் ஆங்கிலத்தில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. குறை வேறு. கேள்வி வந்ததும் எழுந்துவிடுவாள். எழுந்ததும் கை தானாகக் கட்டிக்கொள்ளும். தோட்டத்தில் கேள்வி கேட்கிறவர் உட்கார்ந்திருப்பார், பதில் சொல்கிறவர் நிற்பார். சம்பள நாளிலும் அப்படி, மருந்துக் காம்பராவிலும் அப்படி. யாரும் எழுதிவைக்காத சட்டம், காலுக்குள் இருக்கிறது. கொழும்பில் எழுந்து கைகட்டி நின்றால் இவளை எப்படி வகுப்பு நடத்த அனுப்புவார்கள்?

அதனால் அவள் எழும்பும்போதெல்லாம் அழகையா பிள்ளைகளுக்குப் பால்மா கரைக்கிற கரண்டியால் நாற்காலிக் கையில் தட்டுவார். "உக்காந்து சொல்லும்மா." இரண்டு கிழமையில் ஏழு கேள்விக்கு எழும்பாமல் பழகிவிட்டாள். முதல் கேள்விக்கு மட்டும் எழும்பிக்கொண்டேயிருந்தாள்.

"அதுல மட்டும் ஏம்மா?"

"வீடு எங்கன்னு சொல்லணும் மாமா. லயத்த என்னன்னு சொல்றதுன்னு யோசிக்கும்போதே எந்திரிச்சிடுறேன்."

5

திங்கட்கிழமை பை வழக்கம்போல் வந்தது. மறுநாள் குணரத்தினம் யாழ்ப்பாணம் போனார். யுத்தத்தில் மூடிக்கிடந்த பாதை திறந்து ஒரு வருஷம் கடந்திருந்தது, பதின்மூன்று வருஷமாகப் பார்க்காத தாயைப் பார்க்கப் போகிறார். யாரும் குறை சொல்ல முடியாது. போகும்போது அழகையாவிடம், "இந்தச் சனிக்கிழமை கடிதம் குடுக்கேலாது. நான் வந்து பாப்பன். பத்து நாளில என்ன குடியே முழுகப் போகுது?" என்றார். அலுமாரிச் சாவியைத் துரையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை பையை மேசையில் இறக்கிவிட்டு நான் திரும்பும்போது

திருத்தம். அழகையா திரும்பும்போது, அலுமாரிக் கண்ணாடிக்குள் கடிதக் கட்டின் நடுவில் ஒரு நீள உறையின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது. பச்சைத் தென்னைமரம். மூன்று அலையில் இரண்டு தெரிந்தது.

திங்கட்கிழமை தன் தோளில் வந்த கடிதம் அது. உள்ளே ஒரு தேதி இருக்கும். அது நாளைக்கா, அடுத்த மாதமா என்று சொல்லக்கூடிய ஆள் அந்த ஆபீசில் யாருமில்லை.

அன்று சாயந்தரமும் நாற்காலியில் உட்கார்ந்தார். (இந்த இடத்தில் எனக்கு அழகையாவைப் பிடிக்கவில்லை. "வழியிலேயே ஓடிப்போய் அவளிடம் சொன்னார்" என்று ஒரு வரி எழுதினால் போதும், பிடித்துவிடும். எழுதியும் பார்த்தேன். அந்த வரி தாளில் நிற்கவில்லை.) பொன்னையாவின் முகம் ஞாபகம் வந்தது. கவ்வாத்துக் கத்தி ஞாபகம் வந்தது. தாளை எடுத்து முதல் கேள்வியை வாசித்தார்.

ஊர்மிளா எழும்பவில்லை.

முக்காலியில் இருந்தபடியே, கை இரண்டும் மடியில், ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனாள். 'டீ' என்றும் 'மதர்' என்றும் வந்தது. கடைசியில் 'லயம்' என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அதை விளக்குவதுபோல் இன்னும் நாலு வரி சொன்னாள். முடிந்ததும் ராக்காயி கை தட்டினாள்.

"எந்திரிக்கல பாத்தீங்களா மாமா? இனி கடுதாசி வந்தாப் போதும்."

அழகையா கரண்டியைக் கீழே வைத்தார். "வரும்மா," என்றார்.

அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

6

வியாழக்கிழமை அவர் துரையின் அறை வாசலில் நின்றார். செருப்பை வெளியே கழற்றியிருந்தார். துரை சின்ன வயதுக்காரர், சிங்களவர், தமிழ் பேசுவார், கோபக்காரரும் இல்லை. பயம் அதையெல்லாம் பார்த்து வருவதில்லை.

"என்னா அழகையா?"

இதற்குப் பிறகு மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று. அழகையா நிமிர்ந்து, லயத்துக் கடிதங்களை இன்றைக்கே கொடுக்க வேண்டும், ஒரு பெண்ணின் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது என்கிறார். துரை சாவியை எடுக்கிறார். நேர்முகம் சனிக்கிழமை காலை கொழும்பில். வெள்ளிக்கிழமை ஊர்மிளாவை பஸ் ஏற்றிவிடுகிறார்கள். கினிகத்தேனை வளைவுகளில் அவள் எட்டுக் கேள்விகளையும் முணுமுணுத்துக்கொண்டே போகிறாள். இரண்டு பக்கம் வந்தது. இதில் அழகையா மிக நன்றாகப் பேசுகிறார். அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

இரண்டு. அழகையாவின் கைகள் தாமாகக் கட்டிக்கொள்கின்றன. இரண்டு கிழமையாக இன்னொருத்திக்கு அவிழ்க்கப் பழக்கின கை. வாயைத் திறக்கிறார். "ஒண்ணுமில்லீங்க தொரை. தபால் பை வாரு அந்துபோற மாதிரி இருக்குங்க. புதுசு ஒண்ணு வேணுங்க." துரை சரியென்று தலையாட்டுகிறார். குணரத்தினம் பத்தாம் நாள் வருகிறார். அதற்கடுத்த பெரட்டில் ஊர்மிளாவின் பேரைக் கூப்பிடுகிறார்கள். அவள் உறையை அங்கேயே கிழித்துத் தேதியைப் பார்க்கிறாள். இந்தத் தடவை கனமாக இருந்ததா என்றுகூட அவள் கேட்ப

போதும்.

மூன்றாவதைச் சொன்னது ராக்காயி. கதையை யாரிடமாவது வாசித்துக் காட்டாமல் இருக்க முடியவில்லை, அவளிடம் மட்டும் வாசித்தேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கண்ணாடிய ஒடச்சிருக்கலாம்லண்ணே."

"சத்தம் கேக்குமே."

"கேக்கட்டுமே. இத்தன வருசமா சத்தமில்லாமத்தானே இருந்துச்சு."

7

எந்த முடிவு நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. ரொம்பவும் வேண்டுமென்றால், அந்தப் பையைப் பற்றி முன்னால் சொன்னதைத் திருப்பிப் பாருங்கள். நீங்களாகத் தெரிந்துகொண்டால் அது நான் சொன்னதாகாது. இப்படியும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது என்பது எழுதும்போதுதான் தெரிகிறது.

ஊர்மிளாவுக்கு என்ன நடந்தது என்பது ஊர்மிளாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதது அந்தப் புதன்கிழமை மட்டும்தான். அவள் முதல்முறையாக எழும்பாமல் பதில் சொன்னபோது, எதிரே நாற்காலியில் இருந்தவனுக்குக் கடிதம் எங்கே கிடக்கிறது என்று தெரிந்திருந்தது. கதையின் முடிவு அவள் அதை வாசிக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அது என் கையில் இல்லை.

இதை உறையில் போட்டு ஒரு பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். அச்சில் வந்தால் ஒரு பிரதி திரும்பி வரும், தோட்டத்துப் பேர் போட்டு, பூட்டின பைக்குள். அதையும் நானே சுமந்து வருவேன், எதைச் சுமக்கிறேன் என்று தெரியாமல். பிறகு அதுவும் அந்தக் கண்ணாடிக்குள் எத்தனை நாள் கிடக்குமோ.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எழுதவில்லை. எங்கே இருந்தாலும் அங்கே ஒரு நாற்காலி இருக்கும்.

ஊர்மிளா, இதை உட்கார்ந்து வாசி அம்மா. இடையில் கோபம் வந்தாலும் எழும்பாதே. வாசித்து முடித்தபின் கேள்வியை நீ கேள், முதல் கேள்வியிலிருந்தே கேள். உனக்கு எதிரே நான் நிற்கிறேன். கையைக் கட்டாமல் நிற்கப் பார்க்கிறேன்.