வேட்டை வாரத்து ஷட்டர் காவல்

"சரி, எல்லாரும் சீட்டைத் திருப்புங்க" என்றான் மேலாளர் ஸ்டைனார்.

லௌவ்தால் மின் நிறுவனத்தின் கூட்ட அறையில், மேசையைச் சுற்றி ஏழு பேர். மூன்று நாளாக இதே வேலைதான். மலை மேலே இருக்கும் க்ரோக்வட்ன் அணை எப்படியெல்லாம் உடையலாம் என்று உட்கார்ந்து யோசிப்பது. மழை கொட்டுகிறது, அப்புறம்? ஏரி நிரம்புகிறது, அப்புறம்? மின்கம்பி அறுந்து ஷட்டர் மோட்டார் நின்றுவிடுகிறது, அப்புறம்? ஒவ்வொரு 'அப்புற'மும் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஆளுக்கொரு சீட்டில் மறைத்து எழுதி, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். அபாய ஆய்வு வழிகாட்டி அப்படித்தான் சொல்கிறது. இல்லாவிட்டால் முதலில் வாயைத் திறப்பவன் சொல்வதற்கே எல்லோரும் தலையாட்டிவிடுவார்களாம். லௌவ்தால்காரர்களை நேரில் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது!

இப்போதைய கேள்வி இதுதான்: மோட்டார் நின்றபிறகு, ஷட்டரைக் கையால் சுற்றித் திறக்க ஆட்கள் வந்து சேராமல் போக எவ்வளவு வாய்ப்பு?

ஆறு சீட்டிலும் 'ஆயிரத்தில் ஒன்று'. ஏழாவது சீட்டு டோர்டிஸுடையது. அணைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான பொறியாளர் அவள்தான். அவள் எழுதியிருந்தது: 'வேட்டை வாரத்தில் ஒருத்தர்கூட வரமாட்டார்.'

எதிரே உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன் ஐலேவுக்கு மூக்கு சிவந்தது. அவசரத்துக்கு அணைக்கு ஓட வேண்டிய குழுவுக்கு அவன்தான் தலைவன். ஊர் வேட்டைக் குழுவுக்கும் அவனேதான் தலைவன்.

"என்னடி இது? எங்களுக்கெல்லாம் கைகால் விளங்கலைன்னு எழுதிட்டியா?"

"கைகால் நல்லாத்தான் இருக்கு ஐலேவ். அந்த வாரம் மட்டும் அது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. அவசரக் குழு யாரு? நீ, நான், உன் பையன், இன்னும் மூணு பேரு. ஆறு பேரும் உன் வேட்டைக் குழு. வேட்டைக்குப் போறப்ப போனை அணைச்சு வண்டியிலயே போட்டுட்டுப் போறோம். வேட்டை ரேடியோ மலையைத் தாண்டாது. அப்ப ஷட்டரை யாரு திறப்பா, எல்க் மானா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

அக்டோபரில் ஊரே எல்க் வேட்டைக்குப் போகும் அந்த ஒரு வாரம் லௌவ்தாலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். சாவுகூட இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளும். ஏரி நிரம்பும் மழை வருவதும் அதே அக்டோபரில்தான். எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் மூன்று நாளாக ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

"அதுக்காக ஒரு வாரத்தைப் பிடிச்சுக்கிட்டு தொங்கணுமா?" என்றான் ஸ்டைனார். "ஆயிரத்தில் ஒன்றுன்னு போட்டு அறிக்கையை முடிப்போம். எத்தனையோ வருஷமா ஒண்ணும் ஆகலையே!"

"அப்ப நீயே கையெழுத்துப் போட்டுக்கோ. என் கையெழுத்து கிடைக்காது." டோர்டிஸ் தன் சீட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "மண் அணை இது. தண்ணி தலைக்கு மேல வழிஞ்சா அரை நாளுக்குள்ள கரைஞ்சு போயிரும். கீழ பள்ளிக்கூடம் இருக்கு, உங்க வீடெல்லாம் இருக்கு. ஆள் வருவான்னு கணக்குல சேர்க்கணும்னா, அவன் வருவான்னு ஆதாரம் காட்டச் சொல்லுது வழிகாட்டி. எங்க, காட்டுங்க பார்ப்போம்."

"என்னதான் செய்யச் சொல்றே?"

"வேட்டைக்குப் போகாதவங்களை வச்சு இன்னொரு குழு. அந்த வாரம் அவங்க காவல்."

ஐலேவ் மேசையைத் தட்டிச் சிரித்தான். "வேட்டைக்குப் போகாதவன் இந்த ஊர்ல யாரு? பாதிரியாரும் பால்வாடி டீச்சரும்தான்!"

"அவங்களேதான்."

"அப்ப நீயும் அவங்களோடயே இருந்துக்கோ. என் குழுல உனக்கு இனிமே இடமில்ல."

டோர்டிஸுக்குச் சுருக்கென்றது. பதினாறு வயதிலிருந்து, அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மற்ற வாரங்களை ஓட்டிக்கொண்டிருந்தவள். அண்ணன் ஒரே வாக்கியத்தில் அதை வெட்டிவிட்டான். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் "சரி" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். ஸ்டைனார் அறிக்கையைக் கையெழுத்தில்லாமல் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினான்.

அவள் ஊரைச் சுற்றி ஆள் பிடித்தாள். பாதிரியார் ஓட்பியோர்ன் உடனே வந்தார். பால்வாடி டீச்சர் விக்டிஸ் மாமிசத்தைத் தொடாதவள். வேட்டை வாரம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவள், அவளும் வந்தாள். எரித்திரியாவிலிருந்து வந்து, கடையில் கல்லாவில் உட்காரும் டெஸ்ஃபாய் வந்தான். தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து நாலு பேர். சனிக்கிழமைதோறும் ஷட்டர் அறையில் பயிற்சி. இரும்புச் சக்கரத்தைத் தோள் கழலச் சுற்றினால் ஷட்டர் ஒரு விரற்கடை ஏறும். களைத்தபின் விக்டிஸ் வாஃபிள் என்ற இனிப்பு அடை சுட்டுப் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுப்பாள். சும்மா இருப்பார்களா வேட்டைக்காரர்கள்? 'வாஃபிள் படை' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"ஜாம் இருக்கா, இல்ல நான் வாங்கித் தரட்டுமா?" என்று கடையில் எல்லோர் எதிரிலும் கேட்டான் ஐலேவ். "வெள்ளம் வந்தா அதுக்கும் ரெண்டு கொடு. திரும்பிப் போயிரும்!"

டோர்டிஸ் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வருஷம் பனி முன்கூட்டியே விழுந்தது. வேட்டை தொடங்கிய நாலாம் நாள், தென்மேற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. விழுந்த பனியெல்லாம் ஒரே காலையில் உருகி ஏரிக்குள் இறங்கியது. டோர்டிஸ் அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினாள். ஷட்டர் ஒரு சாண் ஏறியது. அதற்குள் எங்கேயோ மரம் முறிந்து மின்கம்பியில் விழ, மோட்டார் நின்றது. உதவிக்கு வைத்திருந்த டீசல் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிப்போயிற்று.

ஐலேவை அழைத்தாள். போன் அணைந்திருந்தது. அவன் பையனை அழைத்தாள். அதுவும் அப்படியே. ஒருத்தரும் எடுக்கவில்லை. தான் சொன்னது பலித்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அடுத்து பாதிரியாரை அழைத்தாள்.

எல்லோரும் வந்தார்கள்! பாதிரியார் அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்தார். டெஸ்ஃபாய் கல்லாவை அப்படியே பூட்டிவிட்டு ஓடிவந்தான். இரண்டிரண்டு பேராகச் சக்கரத்தைச் சுற்ற, முடியாதவர் விலக அடுத்தவர் பிடிக்க வேண்டும். ஆனால் சக்கரம் அசையவில்லை. மிதந்து வந்த மரக்கட்டை எதுவோ ஷட்டர் ஓரத்தில் சிக்கியிருந்தது.

"ஐயோ டோர்டிஸ், நகரவே மாட்டேங்குதே!" என்று அலறினாள் விக்டிஸ்.

"கொஞ்சம் கீழ இறக்கு. இறக்கிட்டு ஏத்து, கட்டை கழலும்!"

"மூடவா சொல்றே? தண்ணி தலைக்கு வந்துருச்சு!"

"சொன்னதைச் செய்யுங்க!"

இறக்கினார்கள். அந்த நேரத்தில் டோர்டிஸுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தண்ணீருக்கும் அணையின் தலைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. மறுபடி ஏற்றினார்கள். கட்டை புரண்டு, மடேரென்று ஷட்டருக்கு அடியில் புகுந்து வெளியே பாய்ந்தது. சக்கரம் சுற்றத் தொடங்கியது. விக்டிஸ் பால்வாடிப் பாட்டை எடுத்துவிட்டாள். அந்தத் தாளத்துக்கு எட்டுப் பேரும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே சுற்றினார்கள். கை கொப்பளித்து உடைந்தது. யாரும் விடவில்லை. ஷட்டர் ஏற ஏற, தண்ணீரின் இரைச்சலில் பாட்டே காதில் விழவில்லை.

மத்தியானம் தாண்டி டெஸ்ஃபாய்தான் முதலில் பார்த்தான். "இறங்குது! தண்ணி இறங்குது!"

பாதிரியார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை கத்தினார். அது தேவாலயத்தில் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல. விக்டிஸ் சிரித்துக்கொண்டே அழுதாள். டோர்டிஸ் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, கிடைத்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தாள். ஜெயித்துவிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது தன் குரல்தான் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கீழே ஆறு கால்பந்து மைதானத்தை மூழ்கடித்திருந்தது. ஒரு வீட்டு வாசற்படிகூட நனையவில்லை.

மறுநாள் காலையில் ஐலேவ் அணைக்கு வந்தான். இடுப்பு வரை சேறு. மலைக்கு அந்தப் பக்கம் பாலம் அடித்துக்கொண்டு போய்விட, விடிய விடியச் சுற்றி நடந்து வந்திருக்கிறான்.

"ரேடியோல கத்தினேன். ஒருத்தனுக்கும் கேக்கல" என்றான். "மேல நின்னு தண்ணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேன் டோர்டிஸ். அணை போயிருச்சுன்னே நினைச்சேன். என் வீட்டுல எல்லாரும்…" டோர்டிஸ் வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணன் அழுவதைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

அன்றே ஸ்டைனார் அறிக்கையை டிராயரிலிருந்து எடுத்து, டோர்டிஸ் எழுதிய வரியை எழுதியபடியே சேர்த்து, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான். அவளும் போட்டாள்.

சனிக்கிழமை ஐலேவின் கொட்டகையில் இறைச்சி பங்கு. வெட்டிய எல்க் இறைச்சியைக் கூறு கூறாகப் பரப்பியிருந்தார்கள். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு 'இது யாருக்கு' என்று கேட்க வேண்டும். சுவரைப் பார்ப்பவர் யார் பேரைச் சொல்கிறாரோ அவர்களுக்கு அது. இந்த முறை வேட்டைக்குப் போனவர்களின் எண்ணிக்கையைவிட எட்டுக் கூறு அதிகம். சுவரைப் பார்த்து நின்றவன் ஐலேவ்.

"இது யாருக்கு?"

"பாதிரியாருக்கு."

கூறைத் தொட்டவர் அடுத்ததற்கு நகர்ந்தார்.

"இது யாருக்கு?"

"டெஸ்ஃபாய்க்கு."

"இது?"

"விக்டிஸுக்கு."

"நான்தான் மாமிசமே சாப்பிடறதில்லையே!" என்றாள் விக்டிஸ்.

"தெரியும். யாருக்கு வேணா கொடு. ஆனா பங்கு உன்னோடது."

முதலில் கைதட்டியது ஐலேவின் பையன். பிறகு கொட்டகையே அதிர்ந்தது. டோர்டிஸின் பேர் வந்தபோது அவளுக்குக் காது வரை சூடேறியது. எல்லாம் முடிந்து ஐலேவ் அவளிடம் வந்தான்.

"உன் இடத்துல யாரையும் நிறுத்தல. அடுத்த வருஷம் வா."

மனம் ஒரு துள்ளு துள்ளியது. ஆனாலும் அவள் மறுத்துத் தலையசைத்தாள். "அந்த வாரம் நான் அணையில இருக்கணும் ஐலேவ்."

அவன் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றான். முப்பது வருஷத்தில் ஒரு வேட்டைகூடத் தவறவிடாதவன்.

"அப்ப என் பேரையும் உன் குழுல எழுதிக்கோ."

"வேட்டை?" என்றான் பின்னாலிருந்து ஒருவன், பதறிப்போய்.

"பையன் நடத்திக்குவான்" என்றான் ஐலேவ், திரும்பிப் பார்க்காமலே.

டோர்டிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சனிக்கிழமை பத்து மணிக்குப் பயிற்சி. லேட்டா வந்தா சேர்த்துக்க மாட்டேன்."

"வந்துடறேன்" என்றான் அண்ணன்.