தாளில் தங்கிய வெள்ளைப் பொடி

கும்மிடிப்பூண்டியில் வண்டி அச்சுகளுக்கு எஃகு வார்க்கும் ஆலை ஒன்றில் ஏஞ்சலின் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். அவள் கணவன் தாவீது உலையில். ஆய்வகத்துக்கு வரும் எஃகுத் துண்டில் எண் மட்டும்தான் இருக்கும், வார்த்தவன் பெயர் இருக்காது. வம்பே அதனால்தான் வந்தது.

அச்சுகளில் விரிசல் என்று புகார் வந்ததும் மூன்று துண்டுகளைச் சீவி, அயோடின் கலந்த மெத்தனாலில் கரைத்தாள். இரும்பு கரைந்துவிடும், அதற்குள் சிக்கிய கசடு கரையாமல் வடிகட்டும் தாளில் தங்கும். இரண்டாவது துண்டில்தான் கசடு அதிகம். எழுதிக் கொடுத்தாள். மறுநாள் கூட்டத்தில் மேலாளர் வாசித்தபோதுதான் அது தாவீது வார்த்தது என்று தெரிந்தது. உலைக்காரர்கள் சிரித்த சிரிப்பில் அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஊட்லதான் குத்தம் சொல்றன்னா, இங்கயுமா?" என்றான் சாப்பாட்டு வேளையில்.

"நம்பர்ல உன் மூஞ்சியா ஒட்டிக்கினு இருந்துச்சு?"

"உன் பாட்டில்ல தூசி இருந்திருக்கும்."

"லீவு நாள்ல வந்து குந்திப் பாரு."

உண்மையிலேயே வந்தான். மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, குடுவைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தான். அவள் முதலில் இரும்பே போடாமல் வெறும் திரவத்தை வடிகட்டிக் காட்டினாள். தாளில் ஒன்றுமில்லை. தூசிப் பேச்சு அத்தோடு நின்றது. பிறகு அவன் எஃகு. ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து முறை "ஆச்சா?" என்றான்.

"பிரியாணியா வேவுது? கம்முனு இரு."

கடைசியில் தாளில் வெள்ளைப் பொடி தங்கியது. நுண்ணோக்கியில் கொத்துக் கொத்தாகத் தெரிந்தது.

"அலுமினியம் எவ்ளோ போட்ட?" என்றாள்.

"கொஞ்சம்தான்."

"எவ்ளோய்யா?"

"போன வாட்டி உள்ள ஓட்டை உயுந்துச்சில்ல... பயந்துக்கினு ரெண்டு கட்டி சேத்துப் போட்டேன்."

"எப்போ?"

"ஊத்தறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

ஓட்டை விழாமல் இருக்கப் போடும் அலுமினியமே உருக்கில் வெள்ளைக் கசடாக மாறும்; அது மிதந்து மேலே வர அவன் நேரமே கொடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கிண்டல் வரவில்லை. மறுநாள் அவனே மேலாளரிடம் போய்ச் சொன்னான். அதன்பின் அலுமினியத்தை முன்கூட்டியே போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

இரண்டு வாரம் கழித்து ஆய்வகத்துக்கு ஓடி வந்து, தன் எண்ணைத் தானே சொன்னான். அந்தத் தாளில் பொடி இருக்கும் இடமே தெரியவில்லை.

"இப்ப இன்னா சொல்ற?"

"இரும்பு சுத்தமா கீது."

"அப்ப நானு?"

"உன்ன இன்னும் கரைச்சுப் பாக்கலயே."

"போடி" என்று சிரித்தபடி உலைக்குத் திரும்பினான்.