கழுவக் கூடாது

குப்பைத் தொட்டி என்றாலே எனக்கு ஆகாது. அதைத் தொடச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பது வேறு விஷயம்.

எங்கள் மனநல சிகிச்சையில் ஒரு விதி உண்டு. எதைக் கண்டு ஒருவர் கூசுகிறாரோ, அதை முதலில் நான் தொட வேண்டும், பிறகு அவர். இருவருமே கை கழுவக் கூடாது. கழுவாமல் உட்கார்ந்திருந்தால் கூச்சம் தானாகத் தணியும்.

என்னிடம் சிகிச்சைக்கு வந்த பள்ளி வாத்தியாருக்குப் பத்துப் படி வகுத்திருந்தேன். முதல் படி கதவுக் கைப்பிடி. எட்டாவது குப்பைத் தொட்டி. பத்தாவது, பெற்ற மகளைத் தூக்குவது. ஐந்து மாதத்துக்கு முன் குழந்தை அவர் சட்டையில் வாந்தி எடுத்தது. அன்றிலிருந்து மனிதர் அவளைத் தொடவில்லை. அறிவியல் பாடம் நடத்துகிறவர் வேறு, கிருமிகளைப் பெயர் சொல்லி அழைப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போனேன். வாசலிலேயே அவர் மனைவி நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வரார் மேடம். அதுக்குள்ள இவர் பாப்பாவைத் தூக்கலைன்னா, நான் அவளைக் கூட்டிட்டுக் கிளம்பிடுவேன்."

சமையலறைத் தொட்டியின் மூடியைத் திறந்தேன். ஊறிப்போன தேயிலை, முட்டை ஓடு, மீன் செதில். விளிம்பில் வழிந்திருந்த பழுப்புச் சாறு விரலில் பிசுபிசுத்தது. கூச்சத்தைக் காட்டிக்கொள்ளாமல் அந்தக் கையைக் கன்னத்தில் தடவிக்கொண்டேன்.

"பார்த்தீங்களா சார், ஒண்ணுமே இல்ல."

அவரும் தொட்டார். உதடு வெளுத்தது, வியர்த்தது, ஆனாலும் தொட்டார். இருபது நிமிடம் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் பாத்ரூமுக்குப் போவதாகச் சொல்லி, குழாயை மெல்லத் திறந்து, முழங்கை வரை சோப்புப் போட்டேன். நகக்கண்ணைக்கூட விடவில்லை. வெளியே வந்ததும் வாத்தியார் சோப்பு வாசனையை முகர்ந்தார்.

"மூணு தடவை போட்டிருக்கீங்க. தண்ணி நின்னு நின்னு விழுந்துச்சு. நானும் அப்படித்தான் கழுவுவேன்."

என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"ஆமா சார். என்னால தாங்க முடியல."

"உங்களுக்கே முடியலைன்னா எனக்கு எங்க முடியப் போகுது? அவங்க ரெண்டு பேரும் போகட்டும் விடுங்க." எழுந்து போய்ச் சமையலறைக் குழாயில் கை வைத்தார்.

அப்போது குழந்தை தவழ்ந்து வந்து, தரையில் உட்கார்ந்திருந்த என் முழங்காலைப் பிடித்து நின்றாள். ஒழுகிய மூக்குச்சளி மேலுதட்டில் காய்ந்திருந்தது. கையில் எச்சிலில் ஊறிக் கூழான பிஸ்கட். தரையில் கிடந்த தலைமுடி ஒன்று அதில் ஒட்டியிருந்தது. அதை என் வாய்க்கு நீட்டினாள்.

வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். புளித்த பால் வாடையோடு அது நாக்கில் கரைந்தது. முடி அண்ணத்தில் ஒட்டியது. ஓங்கரித்தேன். இந்த முறை முகத்தை மறைக்கவில்லை. கண்ணில் நீர் கட்ட, அவர் எதிரிலேயே விழுங்கினேன்.

குழந்தைக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. மிச்சத்தோடு அப்பாவிடம் தவழ்ந்து போனாள். அவர் காலைப் பிடித்து எழுந்து, கையை உயர்த்தி நீட்டினாள். அவர் வாய்க்கு எட்டவில்லை. எக்கி எக்கிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள்.

வாத்தியார் என்னைப் போலவே ஓங்கரித்தார். பிறகு திறக்காத குழாயிலிருந்து கையை எடுத்து, குனிந்து, அவளுக்கு எட்டும்படி தூக்கிக்கொண்டார்.