மேனேஜிங் டைரக்டர் விநாசித்தம்பி

அப்பாவின் சாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "இந்த வயசுல ஆன்லைன் கம்பெனி நடத்தினாரே, யாருக்கு வரும் அந்தத் தைரியம்?" நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கம்பெனியில் அப்பா செய்த ஒரே வேலை, கோயிலில் எல்லாருக்கும் பெயர் அட்டை கொடுத்ததுதான். மீதி அத்தனையையும் ஆறு வருடமாக நான் ஒருத்தியே செய்தேன். பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் சொல்ல முடியுமா?

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டியூஷன் சென்டர்களுக்கான சின்னச் செயலி அது. பெயர் 'பத்திரம்'. பிள்ளை மாடிப்படி ஏறி வந்து, வாசலில் இருக்கும் டேப்லட்டில் அட்டையைத் தட்டினால் அம்மாவின் போனுக்குச் செய்தி போகும். கிளம்பும்போது இன்னொரு செய்தி. அவ்வளவுதான். ஆனால் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிற ஓர் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்த இரண்டு செய்திகளின் அருமை தெரியும்.

முதன்முதலில் அதை வாங்கியவர் ருக்குமணி அக்கா. பட்டர்வொர்த்தில், மாக் மண்டின் பக்கம், ஒரு கடைவீட்டின் மாடியில் டியூஷன் நடத்துகிறார். அங்கே ஆரம்பித்து, வெயிலில் மோட்டார் சைக்கிளில் தீவுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பாலம் கடந்து ஒவ்வொரு சென்டராக ஏறி இறங்கி ஆள் சேர்த்தேன். பேங்க் கடன் இல்லை, பணம் போட்ட முதலாளி இல்லை. என் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததுதான் முதல். இரண்டாம் வருடம் அது தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது. நான்காம் வருடம் எனக்கே சம்பளம் கொடுத்தது. அன்றைக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என் எஞ்சினியர் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

அந்தத் தொழிற்சாலையால்தான் அப்பா உள்ளே வந்தார். வேலையில் இருப்பவர்கள் சொந்தமாக வியாபாரம் செய்யக் கூடாது என்று என் ஒப்பந்தத்தில் இருந்தது. அதனால் கம்பெனியை அப்பா பெயரில் பதிந்தேன். சர்வர் வாடகைக்கு எடுத்தது அப்பா பெயரில், கட்டணம் போனது அப்பாவின் கிரெடிட் கார்டில் (அந்தப் பணத்தை மாதாமாதம் அவர் கையில் கொடுத்துவிடுவேன்), உள்ளே நுழைய வரும் ரகசிய எண் வந்து விழுந்தது அப்பாவின் போன் நம்பரில். எங்கள் குடும்பங்களில் இது ஒன்றும் புதிதல்ல. வீடு, கார், மின்சாரக் கட்டணம் எல்லாம் அப்பா பெயரில்தான் இருக்கும். பிள்ளைகள் நரைத்த பிறகும் அப்படித்தான் இருக்கும்.

வேலையை விட்டதுமே எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். மாற்றத்தான் போனேன். அந்த வாரம் அப்பா தன் செலவில் பெயர் அட்டை அடித்துக்கொண்டு வந்தார். தடித்த அட்டை, பொன் எழுத்து. 'விநாசித்தம்பி, மேனேஜிங் டைரக்டர்.' முப்பத்தைந்து வருடம் அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து, யார் யாருக்கோ எழுந்து நின்ற மனுஷன் அவர். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது?

அண்ணன் கபிலன் ஈப்போவில் அரசாங்க அதிகாரி. அப்பாவின் மகன் என்று சொல்லவே வேண்டாம், அப்படி ஓர் ஒழுங்கு. தகனம் முடிந்த மறுநாளே வேட்டியை மாற்றிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்குள் அப்பா பெயரில் எங்கும் ஒரு பாக்கியோ திறந்த கணக்கோ இருக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். மரணச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவுண்டராக நின்றார். நூலகத்தில் அப்பா எடுத்த புத்தகத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஓட்டத்தில் அப்பாவின் போன் நம்பரையும் மூடிவிட்டார்.

எனக்குத் தெரியாது. அப்பாவின் போன் என் மேசை இழுப்பறையில் சும்மாதான் கிடந்தது. ஒரு நாள் காலை, சர்வர் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அப்பாவின் கார்டு செல்லவில்லையாம், வேறு கார்டு கொடுக்க வேண்டுமாம். இறந்தவர் கார்டை பேங்கே நிறுத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு என் கார்டைப் போட்டேன். உரிமையாளரின் நம்பருக்கு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்றது திரை. இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தேன். சிம் செல்லாது என்றிருந்தது. நாலைந்து முறை முயன்றதும், பாதுகாப்புக்காக என்று சொல்லி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. நான் எழுதிய நிரல், பெற்றோர்களின் எண்கள், பிள்ளைகளின் விவரம், எல்லாம் உள்ளே. நகலும் எடுத்து வைத்திருந்தேன், புத்திசாலி நான். அதுவும் அதே கணக்குக்குள்தான் இருந்தது.

போன் கம்பெனிக் கடைக்கு ஓடினேன். கவுண்டரில் நோர்மா என்ற மலாய்க்காரப் பெண். பொறுமையாகக் கேட்டாள், கணினியில் தேடினாள்.

"நம்பரை மூடியாச்சு. திரும்பத் திறக்கணும்னா பதிஞ்சவர் நேர்ல வந்து கைரேகை வைக்கணும்."

"பதிஞ்சவர் என் அப்பா. இறந்துட்டார். அதனாலதான் மூடியிருக்கீங்க."

"ஆமா," என்றாள். அவளுக்கே சங்கடமாக இருந்தது. "மாஃப் யா, அக்கா. சிஸ்டம் விடல." மன்னிப்புக் கேட்டுவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டாள். அவளிடம் கோபப்பட என்ன இருக்கிறது?

சர்வர் கம்பெனிக்கு எழுதினேன். பணம் கட்ட நான் தயார், கணக்கைத் திறந்துவிடுங்கள் என்றேன். உரிமையாளர்தான் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. உரிமையாளர் இறந்துவிட்டார் என்று சான்றிதழோடு அனுப்பினேன். உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று தொடங்கி, உறுதி செய்வதற்காக உரிமையாளரின் நம்பருக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம் என்று முடித்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு அழுகையாக மாறக் கொஞ்ச நேரம்தான் ஆனது. வாரிசு என்று கோர்ட்டில் பத்திரம் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றது அடுத்த கடிதம். வக்கீலைக் கேட்டேன். சீக்கிரம் முடிந்தால் ஆறு மாதம் என்றார். பணம் கட்டாத கணக்கை அவர்கள் மாதக் கடைசியில் அழித்துவிடுவார்கள்.

அதற்குள் ஒரு சாயங்காலம் செய்திகள் நின்றுபோயின. ருக்குமணி அக்காதான் முதலில் கூப்பிட்டார்.

"நிரோஷா, மெசேஜ் போவல லா. அம்மாமாருங்க எல்லாம் கீழ வந்து நிக்கிறாங்க. ஒருத்தங்க ஷிப்ட்ட விட்டுட்டு ஓடி வந்திருக்காங்க. பிள்ள உள்ளதான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு, ஆனா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா, கொஞ்சம் பொறுத்துக்குங்க. சரி பண்ணிட்டு இருக்கேன்."

நான் ஒன்றும் சரி பண்ணிக்கொண்டிருக்கவில்லை. மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. ஒவ்வொரு சென்டருக்கும் அதே பதிலைச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து ருக்குமணி அக்கா மறுபடி கூப்பிட்டார். கெலுகோரிலிருந்து, இதே மாதிரி செயலி விற்கிற ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து பேசினார்களாம்.

"நீ எனக்குத் தங்கச்சி மாதிரிமா. ஆனா பெத்தவங்க பிள்ளைய நிறுத்திடுவேன்னு சொல்றாங்க. நான் என்ன செய்யட்டும்?"

"எடுத்துக்குங்க அக்கா," என்றேன். என் வாயாலேயே சொன்னேன். அவருக்குப் பிறகு மற்றவர்களும் போனார்கள்.

அம்மாவிடம் மட்டும்தான் முழுசாகச் சொன்னேன். என் அம்மா தவமணி அதிகம் பேசுகிறவர் இல்லை. கம்பெனி உண்மையில் யாருடையது என்று வீட்டில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அண்ணனைப் பொறுத்தவரை நான் வீட்டிலிருந்தே ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள்.

"அண்ணன்ட்ட சொல்லிடவா?" என்று கேட்டேன்.

"சொன்னா நம்பர் வருமா?"

"வராது."

"அப்ப அந்தியேட்டி முடியட்டும் பிள்ளை. அவன் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அலைஞ்சு அலைஞ்சுதான் தாங்கிட்டு இருக்கான். நீ இப்ப சொன்னா உடைஞ்சிடுவான்."

அப்போது எனக்கு அம்மா மேல் வந்த ஆத்திரத்தை எழுதினால் நன்றாக இருக்காது. உடைவதற்கு அண்ணனுக்கு மட்டும்தான் உரிமையா? ஆனால் கேட்கவில்லை. அண்ணன் ஈப்போவிலிருந்து லீவு போட்டு வந்து, எனக்கு ஒரு வேலைகூட வைக்காமல், அப்பாவுக்காக ஊரெல்லாம் நின்றவர். அவர் செய்தது ஒவ்வொன்றும் சரியான காரியம். சரியான காரியங்களாகச் செய்து என் ஆறு வருடத்தையும் முடித்துவிட்டார். இதில் யாரைத் திட்டுவது?

அந்தியேட்டிக்கு முந்தின நாள், கணக்கு அழிக்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்தது. நான் அப்போது சமையலறையில் வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டுக் கையைக் கழுவி மறுபடி அரைத்தேன்.

மறுநாள் சடங்கு முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். இனிமேல் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திட்டுவதற்காக இல்லை. என் அண்ணனுக்காவது தெரிய வேண்டும், நான் என்ன கட்டினேன், அது எப்படிப் போனது என்று. வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"அப்பா பேருல ஒரு பாக்கியும் இல்ல நிரோ. எல்லாம் கிளியர். ஒண்ணு மட்டும் உன்ட்ட சொல்லல. சொன்னா நீ கஷ்டப்படுவேன்னு."

"என்ன அண்ணே?"

"அப்பாவ யாரோ ஏமாத்திட்டு இருந்திருக்கானுங்க. வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு. மாசா மாசம் அவர் கார்டுலருந்து எடுத்திருக்கான், வருஷக்கணக்கா. ஒரு வெப்சைட்டுக்குப் போயி அவ்வளவு எதுக்கு? வயசானவர், கம்ப்யூட்டர் தெரியாது, பெரிய டைரக்டர்னு சொல்லிக் கவுத்திருக்கானுங்க. அவர் செத்த பிறகும் விடல. திரும்பத் திரும்ப எடுக்கப் பாத்தான். நான் பேங்க்லயே போய் உக்காந்து நிறுத்திட்டேன். ஒரு காசு எடுக்க விடல."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் முதல் முறையாக அழுதார். "இங்கயே இருந்திருந்தா முன்னமே பாத்திருப்பேன் நிரோ. உயிரோட இருந்தப்ப அவருக்கு ஒண்ணும் செய்யல. இது ஒண்ணாச்சும் செஞ்சேன்ல?"

அம்மா என்னைப் பார்த்தார். சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை.

"நல்ல காரியம் செஞ்சீங்க அண்ணே," என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏதோ பாரம் இறங்கியதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பா நடுவீட்டில் கிடந்த அன்றுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

"அந்த வெப்சைட் இன்னும் இருக்கா?" என்று கேட்டார். "உனக்கு அலைச்சல் வேணாம். எங்க போகணும்னு சொல்லு, கிளம்புறதுக்குள்ள நானே போயி மூடிட்டு வந்துடறேன்."

"வேணாம் அண்ணே," என்றேன். "மூடியாச்சு."